பனிக்கட்டி எழுப்பிய சந்தை

சிகாகோவின் ஃபுல்டன் மார்க்கெட் பகுதியில் பத்து மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. இன்று அதில் கூகுள் நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. 1920-களில் அதைக் கட்டியவர்கள் இறைச்சியையும் பிற உணவுப் பொருள்களையும் உறைய வைத்துச் சேமிக்கும் குளிர்க்கிடங்காகத்தான் கட்டினார்கள். 2013 வாக்கில் அதை அலுவலகமாக மாற்றப் புகுந்தவர்களுக்கு முதலில் வாய்த்த வேலை பனி உருக்குவது. உள்ளே கூரையிலிருந்து ஆலம் விழுதுகளைப் போல் பனி தொங்கியது. குளிர்க்குழாய்கள் உறைபனிக்குள் புதைந்து தூண்களாகத் தடித்திருந்தன. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த அந்தப் பனியை வெப்பக்காற்று ஊதி உருக்கி, தண்ணீரை வடித்த பிறகே கட்டடத்தின் எலும்புக்கூடு கண்ணுக்குத் தெரிந்தது.

அமெரிக்க இறைச்சித் தொழிலின் வரலாற்றைச் சிலர் முதலாளிகளின் கதையாக எழுதியிருக்கிறார்கள், சிலர் தொழிலாளிகளின் கதையாக. இரண்டும் உண்மை. ஆனால் சிகாகோவில் ஒரு மாபெரும் கால்நடைச் சந்தை ஏன் எழுந்தது, நூறு ஆண்டு கழித்து ஏன் ஏறக்குறையச் சுவடின்றிப் போனது என்று கேட்டால், இரண்டுக்கும் ஒரே விடைதான் கிடைக்கிறது. குளிர். குளிரை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதைப் பொறுத்தே கத்தி எந்த ஊரில் இறங்குவது என்பது முடிவானது.

ஒரு சின்னக் கணக்கு இதைத் தெளிவாக்கும். உயிரோடு நிற்கும்போது 450 கிலோ எடையுள்ள ஒரு காளையை எடுத்துக்கொள்வோம். அதை அறுத்து, தோல், தலை, குடல், குளம்பு எல்லாம் நீக்கித் தொங்கவிட்டால் சுமார் 270 கிலோ தேறும். அதிலிருந்து எலும்பையும் மிகைக் கொழுப்பையும் கழித்தால் சமையலறைக்குப் போகும் கறி ஏறக்குறைய 190 கிலோ. ஆக, மாட்டை உயிரோடு ரயிலில் ஏற்றினால் பாதிக்கு மேல் யாரும் உண்ணாத எடைக்குக் கூலி கொடுக்கிறோம். அதோடு போகாது. வழியெல்லாம் மாடு தின்ன வேண்டும், குடிக்க வேண்டும். நெருக்கடியில் நின்று எடை இழக்கும், சில வழியிலேயே சாகும்.

இவ்வளவு நட்டம் தெரிந்தும் ஏன் உயிரோடு ஏற்றினார்கள்? உயிருள்ள உடல் கெட்டுப்போவதில்லை என்பதே காரணம். அறுத்த கறியோ கோடையில் ஒரு நாள் தாங்காது. அறுத்தவுடன் மாட்டின் உள்வெப்பம் 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். தசையில் சேமித்து வைத்திருந்த கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு லாக்டிக் அமிலமாக மாறத் தொடங்கும், தசையின் பி.எச். அளவு ஏழிலிருந்து சுமார் ஐந்தரைக்கு இறங்கும். அந்தப் புளிப்பு நுண்ணுயிர்களைச் சற்றுத் தடுக்கும். ஆனால் வெப்பத்தை விரைவில் வெளியேற்றாவிட்டால் எந்தப் புளிப்பும் காப்பாற்றாது. பயணத்தில் களைத்து மிரண்ட மாடு தன் கிளைக்கோஜனை முன்னதாகவே செலவழித்துவிடுகிறது. அதன் கறியில் அமிலம் ஊறுவதில்லை. கருத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெட்டுவிடுகிறது. மாட்டை அலைக்கழிப்பது கறியையும் கெடுக்கிறது என்பது கசாப்புக்காரர்கள் கைப்பழக்கத்தில் அறிந்ததுதான். அதன் வேதியியல் பின்னால்தான் தெரிந்தது.

1865-க்கு முன் சிகாகோவில் ரயில் பாதைகளை ஒட்டி ஆங்காங்கே சின்னச் சின்னப் பட்டிகள் இருந்தன. ஒரு பாதையில் வந்திறங்கிய மாட்டை இன்னொரு பாதைக்கு ஊருக்குள் ஓட்டிப்போக வேண்டியிருந்தது. அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மிசிசிப்பி ஆற்றுப் போக்குவரத்து முடங்கியதால், அதுவரை பன்றிக்கறித் தொழிலில் முதலிடத்தில் இருந்த சின்சினாட்டி நகரம் பின்தங்கியது. வட மாநிலப் படைக்கு உப்புக்கறி அனுப்பிய சிகாகோ முந்தியது. வந்து குவிந்த கால்நடைகளைச் சமாளிக்க ஒன்பது ரயில் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து நகருக்குத் தெற்கே 320 ஏக்கர் சதுப்பு நிலத்தை ஒரு லட்சம் டாலருக்கு வாங்கின. நீர் வடித்து, பலகைப் பட்டிகள் அடித்து, 1865 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளன்று யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஆக்டேவ் சனூட் என்ற பொறியாளர். இவரே முப்பது ஆண்டு கழித்து மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளில் சறுக்கு விமானங்களைப் பறக்கவிட்டவர்; ரைட் சகோதரர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதி வழிகாட்டியவர். மாட்டுப்பட்டி கட்டிய கையே மனிதன் பறப்பதற்கும் உதவியிருக்கிறது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பு.

1870-இல் ஆண்டுக்கு 20 லட்சம் கால்நடைகள் இங்கே வந்தன. 1890-இல் அது 90 லட்சம் ஆனது. நிலமும் 475 ஏக்கராக விரிந்தது. உள்ளே வங்கி, விடுதி, தந்தி நிலையம், செய்தித்தாள் எல்லாம் இருந்தன. அதிகாலையில் ரயில்கள் வந்து நிற்கும். தரகர்கள் மாடுகளைப் பட்டிவாரியாகப் பிரிப்பார்கள். வாங்குவோர் குதிரையில் பட்டிகளுக்கு இடையே போய் மேலிருந்து பார்த்தே எடையையும் தரத்தையும் மதிப்பிட்டு விலை சொல்வார்கள். அன்றைய விலை தந்தியில் நாடெங்கும் போகும். அயோவாவிலோ கான்சாஸிலோ உள்ள விவசாயி, தன் மாட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதை மறுநாள் நாளிதழில் படித்தே தெரிந்துகொண்டார். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

இனி, அறுப்புக்கூடத்துக்குள் போவோம்.

பன்றிகளைச் சாய்தளத்தில் ஏற்றி மேல்மாடிக்கு ஓட்டினார்கள். அறுக்கும் இடம் மேல்மாடியில் அமைந்ததற்குக் காரணம் இயற்பியல். நூறு கிலோ எடையைத் தூக்க இயந்திரமும் நிலக்கரியும் வேண்டும். பன்றியோ தன் காலாலேயே ஏறிவிடுகிறது. ஏறிய உயரம் முழுவதும் ஆற்றலாகச் சேமிப்பில் இருக்கிறது. அங்கிருந்து புவியீர்ப்பே அதைக் கீழே இறக்கும். மேலே ஒரு பெரிய சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். பின்னங்காலில் சங்கிலி மாட்டியதும் சக்கரம் பன்றியைத் தூக்கி, சரிவாக ஓடும் மேல்தண்டவாளத்தில் கோத்துவிடும். அடுத்து நிற்பவர் கழுத்தில் குத்துவார். அடுத்தது கொதிநீர்த் தொட்டி. பிறகு மயிர் சுரண்டும் இயந்திரம், வயிற்றைக் கீறுபவர், குடலை எடுப்பவர், முதுகெலும்பைப் பிளப்பவர் என்று ஒவ்வோர் ஆளும் தன் இடத்திலிருந்து அசையாமல் ஒரே ஒரு வெட்டை நாளெல்லாம் செய்தார். நகர்ந்தது உடல் மட்டும். செம்மறியாடுகள் மேலே ஏறத் தயங்கும் என்பதால், பழக்கிய வெள்ளாடு ஒன்று அவற்றுக்கு முன்னால் நடந்து வழிகாட்டும். கடைசி வாசலில் அது மட்டும் ஒதுங்கிக்கொள்ளும். மீண்டும் கீழே வந்து அடுத்த மந்தையை அழைத்துப்போகும்.

ஜான் காமன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் 1904-இல் இந்த வேலைப் பிரிவினையை ஆராய்ந்தார். மாட்டின் உடலை நில அளவையாளர் வரைபடம்போல் பங்கிட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட தனி வேலைகளாகவும் இருபது கூலி விகிதங்களாகவும் பிரித்திருந்ததைப் பதிவு செய்தார். மிகக் குறைந்த கூலி மணிக்கு 16 சென்ட், மிக அதிகம் 50 சென்ட். தோலில் கீறல் விழாமல் உரிப்பவருக்கு 50 சென்ட்; கழிவைத் தள்ளுபவருக்குப் பதினாறோ சற்று மேலோ. முழு மாட்டையும் அறுத்துப் பழகிய கசாப்புக்காரர் இங்கே தேவைப்படவில்லை. ஹென்றி ஃபோர்டு தம் நூலில், கார்களைக் கோக்கும் ஓடும் வரிசைக்கான யோசனை சிகாகோ கசாப்புக்கூடங்களின் மேல்தண்டவாளத்திலிருந்து கிடைத்தது என்று எழுதியிருக்கிறார். பிரிக்கும் வரிசையைப் பார்த்துச் சேர்க்கும் வரிசை பிறந்தது.

ஆனாலும் அறுத்த கறி தொலைவு போகாதவரை இந்த வேகத்துக்குப் பயனில்லை. இங்கேதான் கஸ்டாவஸ் ஸ்விஃப்ட் வருகிறார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பதினான்கு வயதில் கறிக்கடை வேலைக்குப் போனவர், 1875-இல் மாட்டு வியாபாரியாகச் சிகாகோ வந்தார். மேலே சொன்ன 450, 270 கணக்கு அவர் மனத்தை அரித்திருக்க வேண்டும். உரித்த உடலை மட்டும் கிழக்கே அனுப்ப முடியுமா?

முன்பே சிலர் முயன்றிருந்தார்கள். கறி பனிக்கட்டியைத் தொட்டால் நிறம் மாறியது. சட்டத்தில் தொங்கவிட்டு அனுப்பினால், வளைவில் ரயில் திரும்பும்போது எல்லாக் கறியும் ஒரு பக்கம் ஆடிச் சாய்ந்து பெட்டியே தடம்புரண்டது. ஸ்விஃப்ட் 1878-இல் ஆண்ட்ரூ சேஸ் என்ற பொறியாளரை அமர்த்தினார். சேஸின் தீர்வு எளிமையானது. பனிக்கட்டித் தொட்டி பெட்டியின் மேலே இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. தானாகக் கீழே இறங்கிக் கறியின் மேல் படரும். கறியின் வெப்பத்தை வாங்கி இலேசான காற்று மேலே எழுந்து துவாரம் வழியே வெளியேறும். விசிறியும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். கறியைக் கீழே நெருக்கி அடுக்கியதால் எடை தாழ்வாக நின்றது, பெட்டி ஆடவில்லை.

இதன் பின்னால் இருப்பது பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகித் தண்ணீராவதற்கு உறிஞ்சும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கப் போதுமானது. உருகும்வரை அதன் வெப்பநிலை ஏறுவதும் இல்லை. அதாவது பனிக்கட்டி என்பது வடக்கு ஏரிகளின் குளிர்காலத்தைக் கட்டியாக வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கோடைக்கு எடுத்துச் செல்லும் வழி. குல்பி ஐஸ் வண்டிக்காரர் பானையில் உப்பைக் கொட்டுவது ஏன் என்று தெரிந்தவர்களுக்கு அடுத்த விஷயமும் புரியும். உப்பு சேர்த்தால் பனிக்கட்டி பூஜ்யத்துக்கும் கீழே உருகும். இன்னும் கடுமையான குளிர் கிடைக்கும். ரயில் பெட்டியிலும் அதையே செய்தார்கள். பாதையெங்கும் நிலையங்கள் அமைத்து, உருகி வடிந்ததை நிரப்பினார்கள்.

ரயில் நிறுவனங்கள் இதை எதிர்த்தன. உயிர்மாட்டை ஏற்றினால் எடை அதிகம், கூலியும் அதிகம். தவிர, மாட்டுப் பெட்டிகளிலும் வழித்தடப் பட்டிகளிலும் அவை நிறைய முதலீடு செய்திருந்தன. உயிர்மாட்டு வியாபாரம் அதிகம் இல்லாத கிராண்ட் ட்ரங்க் என்ற கனடா ரயில் நிறுவனம்தான் ஸ்விஃப்டின் பெட்டிகளை இழுக்க ஒப்புக்கொண்டது. உள்ளூர்க் கசாப்புக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மின்னசோட்டா மாநிலம் 1889-இல், விற்கும் இறைச்சி எதுவானாலும் அறுப்பதற்கு 24 மணி நேரத்துக்குள் மாநிலத்திலேயே உயிரோடு சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. சிகாகோ கறிக்கு மறைமுகத் தடை அது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஊருக்கு ஊர் இருந்த அறுப்புக்கூடங்கள் மடியத் தொடங்கின. குளிர், கத்தியைச் சிகாகோவில் கொண்டுவந்து குவித்தது.

குவிந்ததால் இன்னொன்றும் நடந்தது. ஊர்க் கசாப்புக்காரர் தூக்கி எறியும் கழிவு ஒரு கூடை. சிகாகோவில் அது மலை. மலையாகும்போது அதற்கு மதிப்பு வருகிறது. பிலிப் ஆர்மர் போன்ற இறைச்சி முதலாளிகள் வேதியியலாளர்களை வேலைக்கு வைத்தார்கள். கொம்பு சீப்பானது, எலும்பு பொத்தானும் கத்திப்பிடியுமானது, மயிர் தூரிகையானது, இரத்தம் உரமானது, குளம்பும் தோல்துண்டும் கோந்தானது, ஆட்டுக்குடல் அறுவை மருத்துவர் தைக்கும் இழையானது, பன்றி இரைப்பையிலிருந்து செரிமான மருந்தான பெப்சின் வந்தது. கறியைக் கிட்டத்தட்ட அடக்க விலைக்கே விற்று, இந்தப் பக்கப் பொருள்களில் இலாபம் பார்த்தார்கள். சின்னக் கசாப்புக்காரரால் போட்டியிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கழிவு மலையிலிருந்து வந்த இரண்டு பொருள்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1921-இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றில் இன்சுலினைக் கண்டறிந்தார்கள். கண்டுபிடித்தால் போதுமா? எட்டு அவுன்ஸ், அதாவது சுமார் 225 கிராம் தூய இன்சுலின் எடுக்க இரண்டு டன் பன்றி உறுப்புகள் வேண்டியிருந்தன. அவ்வளவு கணையத்தைக் குளிரில் வைத்து, அழுகாமல், நாள்தோறும் தரக்கூடிய இடம் பெரிய கசாப்புக்கூடங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. மரபணு மாற்றிய பாக்டீரியாவில் செய்த மனித இன்சுலின் 1982-இல் ஒப்புதல் பெறும்வரை உலகமெங்கும், நம் ஊரிலும், சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டது மாட்டு, பன்றி இன்சுலின்தான்.

இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படாதது. 1950-களில் ஆர்மர் நிறுவனம் மாட்டுக் கணையத்திலிருந்து ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை ஒரு கிலோ அளவுக்குத் தூய்மைப்படுத்தி, கேட்ட விஞ்ஞானிகளுக்கெல்லாம் சிறு சிறு அளவில் இலவசமாகக் கொடுத்தது. அந்தக் காலத்தில் எந்த ஆய்வகத்திலும் ஒரு புரதம் அவ்வளவு தாராளமாகக் கிடைத்ததில்லை. அதை வைத்து ஸ்டான்ஃபர்டு மூரும் வில்லியம் ஸ்டைனும் அந்த நொதியின் 124 அமினோ அமிலங்களின் வரிசையை ஆராய்ந்தார்கள். கிறிஸ்டியன் அன்ஃபின்சென் அதன் மடிப்புகளை வேதிப்பொருளால் அவிழ்த்துவிட்டு, பிறகு அந்த வேதிப்பொருளை நீக்கிப் பார்த்தார். அவிழ்ந்த இழை தானே மடிந்து பழைய வடிவத்துக்கு வந்து மீண்டும் வேலை செய்தது. ஒரு புரதம் எப்படி மடிய வேண்டும் என்ற செய்தி அதன் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்பது அப்படித்தான் உறுதியானது. மூவருக்கும் 1972-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கணினி கொண்டு புரத வடிவங்களைக் கணிக்கிறோமே, அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் மாட்டின் கணையத்தில் போடப்பட்டது.

பயன்படுத்த முடியாததோ ஆற்றில் போனது. சிகாகோ ஆற்றின் தெற்குக் கிளையில் ஒரு சிறு கால்வாய் பட்டிகளின் ஓரமாக ஓடியது. ஓடியது என்று சொல்வதுகூடத் தவறு, நீரோட்டமே அதில் கிடையாது. இரத்தமும் கொழுப்பும் குடலும் அதன் அடியில் படிந்தன. கரைந்திருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்த பிறகு, ஆக்சிஜன் இல்லாமலே வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கின. அவை வெளிவிட்ட மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் குமிழிகளாக மேலே வந்து வெடித்தன. மக்கள் அதற்குக் குமிழி ஓடை என்றே பெயர் வைத்தார்கள், பப்ளி கிரீக். மேலே கொழுப்பு ஆடையாகக் கட்டி இறுகியது. 1911-இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் ஒரு மனிதர் அந்த ஆடைமேல் நின்றுகொண்டிருக்கிறார்.

அந்த ஓடையின் கரையில்தான் தொழிலாளர் குடியிருப்பு. முதலில் ஐரிஷ்காரர்களும் ஜெர்மானியர்களும், பிறகு போலந்து, லித்துவேனியா, ஸ்லோவாக் மக்களும், முதல் உலகப்போரின்போது தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவரும், அவர்களைத் தொடர்ந்து மெக்சிகோ மக்களும் இங்கே வாழ்ந்தார்கள். 1894 முதல் அங்கே குடியமர்ந்து குப்பைக்கும் ஓடைக்கும் எதிராகப் போராடிய மேரி மெக்டவலைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. அப்டன் சின்க்ளேர் பெயரை எல்லோரும் அறிவார்கள். 1904-இல் ஏழு வாரம் அங்கே தங்கிப் பார்த்து அவர் எழுதிய ‘தி ஜங்கிள்’ நாவல் 1906-இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் 30-இல் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டமும் கையெழுத்தாயின. தொழிலாளியின் துயரத்தைச் சொல்ல எழுதிய நாவல், உண்பவரின் தட்டுக்குப் பாதுகாப்பு வாங்கித் தந்தது. தொழிலாளிக்கு அந்தச் சட்டங்களில் எதுவும் இல்லை. அவர்கள் 1904-இலும் 1921-22-லும் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். 1930-களின் பிற்பகுதியில்தான் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சங்கத்தில் சேர்ந்து வென்றார்கள். அதன் பலனாக, 1950-களில் கசாப்புக்கூட வேலை ஒரு குடும்பம் வீடு வாங்கி வாழக்கூடிய வேலையாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் அடித்தளம் நகர்ந்தது.

முதலில் லாரி. ரயில் இருந்தவரை மாடு தண்டவாளம் போகும் இடத்துக்குத்தான் போக முடியும். எல்லாத் தண்டவாளங்களும் சிகாகோ போயின. நல்ல சாலையும் லாரியும் வந்ததும் கம்பெனி ஆளே பண்ணைக்குப் போய் வாங்கினார். தரகரும் பட்டியும் தேவைப்படவில்லை. அடுத்து, ஃபிரெடரிக் ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பொறியாளர் 1930-களின் கடைசியில் உருவாக்கிய லாரிக் குளிர்ப்பொறி. பனிக்கட்டி நிலையங்களின் வரிசையே வேண்டாம். குளிர் தன் எஞ்சினைத் தானே சுமந்து எந்தச் சாலையிலும் போகும் என்றாயிற்று. 1956-இல் மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைச் சட்டமும் வந்தது. சிகாகோவின் பலமாடிக் கட்டடங்கள் இப்போது பாரமாயின. புவியீர்ப்பை நம்பி எழுப்பிய கட்டடத்தில் புதிய இயந்திரங்களை ஏற்றுவது கடினம். ஒரே தளத்தில் பரந்து கிடக்கும் புதிய ஆலை மலிவு. 1955-இல் வில்சன் என்ற இறைச்சி நிறுவனம் சிகாகோ ஆலையை மூடியது; 1959-இல் ஆர்மர்.

மாடு வளர்த்த இடமும் மாறியது. மேற்குச் சமவெளியின் அடியில் ஓகலாலா என்னும் மாபெரும் நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. ஆழ்குழாய்ப் பம்புகளும், ஃபிராங்க் சைபாக் என்ற கொலராடோ விவசாயி 1952-இல் காப்புரிமை பெற்ற வட்டமிடும் பாசனக் கருவியும் அந்த நீரை மேலே கொண்டுவந்தன. வறண்ட நிலத்தில் சோளமும் மக்காச்சோளமும் விளைந்தன. தீவனம் விளைந்த இடத்திலேயே ஆயிரக்கணக்கான மாடுகளை அடைத்துக் கொழுக்க வைக்கும் பட்டிகள் வந்தன. விமானத்தில் போகிறவர்கள் கான்சாஸ், நெப்ராஸ்கா மேலே பச்சை வட்டங்களாகப் பார்ப்பது இந்தப் பாசனத்தைத்தான்.

கடைசி அடி 1960-இல் தொடங்கிய அயோவா பீஃப் பேக்கர்ஸ் நிறுவனத்தினுடையது. பெரிய நகரத்தில் ஆலை வைக்காமல் சின்ன ஊரில், பட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். 1967-இல் நெப்ராஸ்காவின் டகோட்டா சிட்டியில், உரித்த உடலாக அனுப்பாமல், அங்கேயே துண்டங்களாக வெட்டி, காற்றை உறிஞ்சி பிளாஸ்டிக் உறையில் அடைத்து, அட்டைப்பெட்டியில் அனுப்பத் தொடங்கினார்கள். 270 கிலோ 190 ஆனது. எலும்பும் கொழுப்பும் ஆலையிலேயே நின்றுவிட்டன.

இந்த உறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கறியைச் சிவப்பாகக் காட்டுவது இரத்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது தசைக்குள் இருக்கும் மயோகுளோபின். ஆக்சிஜன் கிடைத்தால் அது பளிச்சென்ற சிவப்பு. கிடைக்காவிட்டால் கருஞ்சிவப்பு கலந்த ஊதா. ஆக்சிஜன் புகாத உறைக்குள் கறி ஊதாவாகக் கிடக்கும். கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி மூச்சுத் திணறி அடங்கும். குளிரும் சேர்ந்தால் வாரக்கணக்கில் தாங்கும். கடையில் உறையைப் பிரித்துச் சிறிது நேரம் காற்றில் வைத்தால் மீண்டும் சிவக்கும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், சிகாகோவில் மிஞ்சியிருந்த தேவையையும் நகரத்துக் கறிக்கடைக்காரரின் கைத்திறனையும் சேர்த்துத் துடைத்தது.

1955-இலேயே ஒமாஹா, சிகாகோவை விஞ்சி நாட்டின் மிகப்பெரிய கால்நடைச் சந்தையானது. ஆனால் அதே காற்றுதான் அங்கும் வீசியது. 1971 ஜூலை 30 நள்ளிரவோடு சிகாகோ பட்டிகள் மூடப்பட்டன. கான்சாஸ் சிட்டி 1991-இல், ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் 1997-இல், ஒமாஹா 1999-இல், சூ சிட்டி 2002-இல், சவுத் செயின்ட் பால் 2008-இல் என்று ஒவ்வொன்றாக முடிந்தன. ஓக்லஹோமா சிட்டியில் ஒரு பெரிய சந்தை இன்னும் நடக்கிறது. நியூயார்க் நகரில் 1900 வாக்கில் இருநூற்றைம்பது அறுப்புக்கூடங்களும் கறி மண்டிகளும் இருந்த பகுதியில் இப்போது விலையுயர்ந்த துணிக்கடைகளும் விட்னி கலைக்கூடமும் இருக்கின்றன. கறியை மாடிக்கே கொண்டுவந்து இறக்க 1934-இல் திறந்த உயர்பாலத் தண்டவாளம் 1980-இல் கடைசி ரயிலைக் கண்டது, 2009-இல் பூங்காவானது. கசாப்புக்காரர்களில் பெரும்பாலோர் போனாலும் அந்த இடத்துக்கு மீட்பேக்கிங் டிஸ்ட்ரிக்ட் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நாற்றமும் ஓடையும் போனது நல்லதுதானே என்று கேட்கலாம். நகரத்துக்கு நல்லது, மறுக்க மாட்டேன். ஆனால் முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு இப்போது வருவோம். பட்டியில் நின்ற மாட்டுக்குப் பலர் பார்க்க விலை பேசப்பட்டது. இன்று பெரும்பாலான மாடுகள் ஒப்பந்தச் சூத்திரப்படி கைமாறுகின்றன. வெளிப்படையாகப் பேரம் நடப்பது சிறு பங்கு. அந்தச் சிறு பங்கின் விலையே மற்றவற்றின் சூத்திரத்துக்கும் அடிப்படையாகிறது. 1977-இல் நாட்டின் கொழுத்த மாடுகளில் நான்கு பெரிய நிறுவனங்கள் அறுத்தது கால் பங்கு. 1992-இல் அது 71 சதவீதம். இன்று சுமார் 85 சதவீதம். ஆர்மர், ஸ்விஃப்ட் உள்ளிட்ட ஐந்து நிறுவனங்களின் பிடியைத் தளர்த்தத்தான் 1921-இல் தனிச்சட்டமே வந்தது. அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பிடி முன்னைவிட இறுகியிருக்கிறது.

கூலியும் கரைந்தது. ஒரு காலத்தில் மற்ற ஆலைத் தொழிலாளர்களைவிட அதிகம் வாங்கியவர்கள், நூற்றாண்டு முடிவதற்குள் அவர்களைவிடக் குறைவாக வாங்கினார்கள். 2020-இல் கொரோனா பரவியபோது, குளிர்ந்த கூடத்தில் தோளோடு தோள் நின்று வெட்டும் இந்தத் தொழிலாளர்கள்தான் கூட்டம் கூட்டமாகப் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் இப்போதும் புலம்பெயர்ந்தவர்களும் அகதிகளும்தான். லித்துவேனியருக்குப் பதில் இப்போது குவாத்தமாலா, சோமாலியா, மியான்மர்.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. சிகாகோ முதலாளிகள் தங்கள் கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார்கள். பார்வையாளர்களுக்கென்று நடைபாதையும் வழிகாட்டியும் இருந்தன. 1893 உலகக் கண்காட்சி ஆண்டில் பத்து லட்சம் பேருக்கு மேல் போய்ப் பார்த்தார்கள். ஆனால் 2012-இல் அயோவா மாநிலம், பொய்க் காரணம் சொல்லிப் பண்ணைக் கூடங்களுக்குள் நுழைவதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. 2019-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீக்கினாலும், 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நுழைவுத் தடையை மீண்டும் ஏற்றது. கத்தி நகரத்தை விட்டு விலகியபோது நாற்றத்தோடு நம் கண்களும் அங்கிருந்து விலகிவிட்டன. அறுப்பதை ஏற்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும், பார்த்துவிட்டுப் பேசும் உரிமை வேண்டும் என்றே நினைக்கிறேன்.

சிகாகோ போகும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் எக்ஸ்சேஞ்ச் அவென்யூவில் ஒரு சுண்ணாம்புக்கல் வாயிலைப் பார்க்கலாம். 1879 வாக்கில் பர்ன்ஹாம், ரூட் என்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்ததாகக் கருதப்படுகிறது. நடு வளைவின் மேல் ஒரு காளையின் தலை செதுக்கப்பட்டிருக்கும். பட்டிகளில் மிஞ்சியது ஏறக்குறைய அந்த வாயில் ஒன்றுதான். பின்னால் கிடங்குகளும் சிறு தொழிற்சாலைகளும் இருக்கின்றன. அங்கிருந்து வடமேற்கே சிறிது தூரத்தில் அந்த ஓடை. கழிவு கொட்டுவது நின்று அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அடியில் படிந்தது இன்னும் முழுதாக மக்கவில்லை; வெயில் ஏறும் நாள்களில் இப்போதும் அதில் குமிழிகள் எழுகின்றன.